பதினேழாம் எண் மீன்

அல்சூர் ஏரியில் ஒன்பதே கால் மணிக்கு
படகை நிறுத்திக் காட்டினார் சம்பங்கி:
"அங்க பாருங்க சார், லூசு மீனு."
வெயில் ஏறிய தண்ணீரில்
முதுகு தெரிய மிதந்தது ஒரு ஜிலேபிக் கெண்டை.
மேலே கம்பத்தில் நீர்க்காகம்.
வலை வேண்டியிருக்கவில்லை.
வாளியைச் சாய்த்தேன், வந்துவிட்டது.

ஹெப்பாளில் ஐஸ் பெட்டியைத் திறந்தோம்.
இருபத்து மூன்று மீன்கள்.
இதற்கு எண் பதினேழு.

முதலில் தோலில் பேன்,
சட்டைப் பொத்தான் அளவு, உள்ளே தெரியும் உடம்பு.
அது குத்திய இடத்தில் பஞ்சு பஞ்சாய்ப் பூசணம்.
பேன் கதவைத் திறந்துவைத்தது;
பூசணம் செருப்பைக்கூடக் கழற்றாமல்
உள்ளே வந்துவிட்டது.

செவுளில் வளைவு வளைவாய்ப் பார்த்தோம்.
இரண்டாவதில் ஒரு வகைத் தட்டைப்புழு.
மூன்றாவதன் நுனியில் மட்டும் அதன் பங்காளி.
வரப்புத் தகராறு இல்லை.
அல்லது தகராறெல்லாம் எப்போதோ முடிந்து
நம் கண்ணுக்குத் தெரிவது
தீர்ப்பு மட்டும்.

இரைப்பை காலி. குறித்துக்கொண்டேன்.

குடலில் வேறு கதை.
முள்தலைப் புழு முன்பக்கம் கொக்கி மாட்டி உட்கார்ந்திருக்க
நாடாப்புழு பின்னுக்குத் தள்ளப்பட்டு
சாறு வற்றிய இடத்தில் கிடந்தது.
தனிக்குடித்தனமாய் இருக்கும் மீனில் ஒன்பது சென்டிமீட்டர்.
இதில் நான்கு.
மாரிக்குப்பத்தில் ஏறி ஜன்னலோரம் பிடிப்பவர்களையும்
பங்காரப்பேட்டையில் ஏறி
பெங்களூர் வரை நின்றே வருபவர்களையும்
தினமும் பார்க்கிறவன் நான்.
அதை எழுதவில்லை.
அட்டவணையில் அதற்குக் கட்டம் கிடையாது.

பிறகு கண்.
லென்ஸைப் பிதுக்கி உப்புநீரில் விட்டால்
வலதில் பதினான்கு, இடதில் பதினொன்று
நெளிகின்றன.
சில நேற்று வந்தவை. சில முற்றியவை.
இளசுக்கு மீன் பிழைத்திருக்க வேண்டும்:
ஒளிந்துகொள், அசையாதே, அடியில் கிட.
முற்றியதற்குப் பறவை வேண்டும்:
மேலே போ, வெயிலில் நில்.
ஒரே கண்ணில் இரண்டும் இருந்தால்
முற்றியதுதான் ஜெயிக்கும் என்றார் ஷராவதி மேடம்.
இளசுகளும் கூடவே போகும்
நீர்க்காகத்தின் வயிற்றுக்கு;
அங்கே அவை
வெறும் சாப்பாடு.

இழுபறியின் நடுவே மீன் என்ன செய்ய நினைத்தது என்று
அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் கூட்டிப் பார்த்தோம்.
பதினாறு மீன்களில் நேராக முட்டை.
மீதி ஏழில்தான் எல்லாமும்.
அதிலும் பாதிக்கு மேல் பதினேழில்.
"ஒன்று ஏறிய மீனிலேயே ஏன் மற்றதும் ஏறுகிறது?"
கன்னடத்தில் கேட்டார் மேடம்.
எனக்கு வாயில் வந்தது தமிழ்:
பட்ட காலிலே படும்.
அர்த்தம் சொன்னேன்.
"மீனுக்குக் கால் ஏது தேவநேசன்?" என்றவர்
சிரிக்காமல்
தன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகு
கழிவு வாளியில் போடத் தூக்கியபோதுதான்
வாய் உப்பியிருந்ததைக் கவனித்தேன்.
கத்திரியால் தாடையை விலக்கினேன்.

குஞ்சுகள்.
கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, பாதி உடம்பு கண்.
முப்பத்தொன்று. ஐஸில் விறைத்துப்போய்
ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு.
வாயில் பிள்ளையை வைத்திருப்பவள்
எதையும் விழுங்கமாட்டாள்.

ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன்.
கண் தெளிவாக இருந்தது.
இன்னொன்று, அதுவும்.
மற்றவற்றைப் பார்க்கவில்லை.

அப்படியானால் நாடாப்புழு குட்டையானது
முள்தலை தள்ளியதாலா,
இவள் பட்டினி கிடந்ததாலா?
நாளை மேடத்திடம் சொல்ல வேண்டும்,
இன்றைய கணக்கு தப்பு என்று.

'பிற' என்ற பத்தியில் 31 என்று எழுதி
அடித்தேன்.
திரும்ப எழுதினேன்.
ஆறு மணி ரயில்
போயிருக்கும்.